வருகைப் பதிவேட்டில் இல்லாத ராம்

படிவம் 5 மாணவர்களிடம் ‘முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வரும் தாள்கள் எப்படி இருக்கும் என்று திருத்திப் பழகிய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் தோரணங்களால் அலங்கரிக்கப்பட்டிருக்கும். நண்பர்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொள்வார்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் வழக்கறிஞர், இன்னொருவர் சொந்தத் தொழில் செய்பவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். எல்லார் கண்ணும் குளமாகும். பசுமையான நினைவுகளைச் சுமந்தபடி விடைபெறுவார்கள். பிழை அதிகம் இருக்காது. மரபுத்தொடர்கூட இரண்டு வந்திருக்கும். மதிப்பெண்ணும் போட்டுவிடுவோம். ஆனா படிச்சு முடிச்சதும் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் நிக்கும்: வகுப்புல முப்பது பேர் இருந்தாங்களே, வராதவங்க யாரு?

இந்தக் கேள்வியோடுதான் ‘96’ படத்தை மறுபடியும் பார்க்கச் சொல்கிறேன். சி. பிரேம்குமார் எழுதி இயக்கி, 2018 அக்டோபரில் வெளிவந்த படம். விஜய் சேதுபதியும் திரிஷாவும் நடித்தது. நம் மாணவர்கள் பலருக்குப் படத்தை முழுதாகப் பார்க்காவிட்டாலும் கோவிந்த் வசந்தாவின் வயலின் இசை தெரியும். பள்ளி ஒன்றுகூடல் என்றாலே இன்றைக்குத் தமிழர்கள் மனதில் முதலில் வரும் கதை இதுதான். படம் வந்த பிறகு எத்தனை புலனக் குழுக்கள் பிறந்தன, எத்தனை வகுப்புகள் ‘நாமும் கூடுவோம்’ என்று மண்டபம் தேடின என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் காதலைப் பற்றி எழுதினார்கள். தப்பில்லை, அது காதல் படம்தான். நான் அதை ஒரு வகுப்பின் கதையாக வாசிக்க விரும்புகிறேன்.

கதை நினைவிருக்கிறதா? பயணப் புகைப்படக்காரரான ராமச்சந்திரன் தன் மாணவர்களோடு தஞ்சாவூர்ப் பக்கம் வருகிறார். பழைய பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் இறங்கிவிடுகிறார். அங்கே ஜனகராஜ் நடித்த காவலாளி அவரை அடையாளம் கண்டுகொள்கிறார். அங்கிருந்து நண்பர்களுக்கு அழைப்பு, பிறகு வாட்ஸ்அப் குழு, பிறகு சென்னையில் ஒன்றுகூடல். சிங்கப்பூரிலிருந்து ஜானகிதேவி வருகிறார், நாம எல்லாரும் சொல்ற ஜானு. அதற்குப் பிறகு படம் இவர்கள் இருவரின் ஓர் இரவாகச் சுருங்கிவிடுகிறது.

இப்போது தலைப்பைக் கவனியுங்கள். 96 என்பது அந்த வகுப்பு பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டு. 1996. கூடுவது 22 ஆண்டுகள் கழித்து. ஆனால் பள்ளிக் காட்சிகள் நடப்பது 1994இல், பத்தாம் வகுப்பில். விடுமுறை முடிந்து பதினொன்றாம் வகுப்பு தொடங்குகிறது. ஜானு வாசலைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். ராம் வரவில்லை. அப்பாவுக்குக் கடன். குடும்பம் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டது. அப்படியென்றால் கணக்குப்படி ராம் 96 மாணவனே இல்லை! அவன் 94இல் பதிவேட்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்டவன். தன் பெயர் இல்லாத ஒரு வகுப்பின் ஒன்றுகூடலுக்கு அவன்தான் முதல் அழைப்பு விடுக்கிறான்.

படத்தின் மிகப் பெரிய பலம் இது என்று நினைக்கிறேன். படம் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போவதுதான் என் மனக்குறையும். ராம் இல்லாமல் போன காலையை நாம் முழுக்க ஜானுவின் கண்ணால் பார்க்கிறோம். காலியான இருக்கை காதலியின் ஏக்கமாகிறது. அதே காலையில் சென்னையில் ஒரு பதினைந்து வயதுப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான்? புதுப் பள்ளி கிடைத்ததா? கடன்காரர்கள் அங்கேயும் வந்தார்களா? அம்மா என்ன வேலைக்குப் போனார்? இவற்றுக்குப் படத்தில் இடமில்லை. கடன் என்ற சொல் வந்து போகிறது, காதலர்களைப் பிரிக்கும் வேலையை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பழைய கதைகளில் சாபம் செய்யும் வேலையை இங்கே கடன் செய்கிறது.

‘காதல் படத்துல போய் கடன் கணக்குக் கேக்கறீங்களே டீச்சர்’ என்று ஒரு மாணவர் சொல்லலாம். நியாயமான மறுப்பு. ஆனால் கடனைக் கதைக்குள் கொண்டுவந்தது நான் இல்லையே, இயக்குநர்தானே? ராமின் கூச்சம், திருமணம் செய்துகொள்ளாத வாழ்க்கை, ஓரிடத்தில் நிலைக்காத தொழில், பொருள்களைப் பெட்டியில் போட்டுப் பாதுகாக்கும் பழக்கம், இவற்றையெல்லாம் நாம் காதல் தோல்வியின் அடையாளங்களாக வாசிக்கப் பழகிவிட்டோம். ஒரே நாளில் வீடு, ஊர், பள்ளி, நண்பர்கள் எல்லாம் போன ஒரு பிள்ளையின் அடையாளங்களாகவும் அவற்றை வாசிக்கலாம். கையில் ஒரு பெட்டிதான் மிஞ்சும் என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவன் பெட்டியைத்தானே பத்திரமாக வைத்திருப்பான்? அவனைப் புகைப்படக்காரனாக ஆக்கியதும் பொருத்தம். குழுப்படம் எடுப்பவர் குழுப்படத்தில் இருப்பதில்லை. இந்த வாசிப்புக்கு வேண்டிய சான்று எல்லாம் படத்திலேயே கிடக்கிறது. எடுத்துப் பேச ஆள்தான் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் ராம் ஒரு விதிவிலக்கு கிடையாது.

1979இல் பிறந்த ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1. 1991இல் யு.பி.எஸ்.ஆர். நேராகப் படிவம் 1க்குப் போனால் 1996இல் எஸ்.பி.எம். ஆக, நம் ஊரிலும் ஒரு 96 இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை மலாய்மொழியில் வேண்டிய தேர்ச்சி பெறவில்லை என்றால், 1992இல் புகுமுக வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு எஸ்.பி.எம். 1997இல்தான் வரும். ஆறு ஆண்டு ஒரே மேசையில் இருந்த இருவருக்கு இரண்டு எண். ஒருவர் மேலே, ஒருவர் ஓராண்டு கீழே. பள்ளிப் பேருந்தில் ஒன்றாகப் போய் வெவ்வேறு சீருடைக் கூட்டத்தில் இறங்குவார்கள். ‘96’ என்று ஒற்றை எண்ணைத் தலைப்பாக வைக்கும் வசதி நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இருந்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம். (பாருங்கள், இங்கேயும் 96 வந்துவிட்டது.) அதனால் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூடல் என்று நாம் போகும் இடத்தில் இரண்டு வகுப்புகள் இருக்கும். ஒன்று, மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொள்ளும் பெரிய கூட்டம். இன்னொன்று, அந்தக் கூட்டத்துக்குள்ளே ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் பழைய தமிழ் வகுப்பு. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் உச்சி வெயிலில் தமிழுக்காக உட்கார்ந்திருந்தவர்கள், அதனாலேயே ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள்.

என் வகுப்பின் ஒன்றுகூடலுக்கும் போயிருக்கிறேன். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, சாப்பாடு நன்றாக இருந்தது. ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஏற்பாட்டுக் குழுவினர் பெயர்ப் பட்டியலை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பள்ளி ஆண்டு மலரில் வந்த படிவம் 5 வகுப்புப் படங்களிலிருந்து. படத்துக்குக் கீழே பெயர் வரிசையாக இருக்குமே, அதைப் பார்த்து ஒவ்வொருவராகத் தேடிப் புலனத்தில் சேர்த்தார்கள். நல்ல வழிதான், உழைப்பும் அதிகம். ஆனால் படிவம் 4 பாதியில் நின்றுபோனவர் அந்தப் படத்தில் இருக்க மாட்டார். தமிழ் மேசையில் ஒருவர் அப்படி ஒரு நண்பரின் பேரைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் உடனே கேள்வி வந்தது: ‘அவன் எஸ்.பி.எம். எழுதலையே, அவன் நம்ம பேட்ச்சா?’ கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையான சந்தேகம். அந்த நண்பர் மண்டபத்திலிருந்து இருபது நிமிடத் தூரத்தில்தான் குடியிருக்கிறார்.

‘96’ படத்து நண்பர்கள் ராமைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பாதியில் போனவன் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அந்த வகுப்பு நம்மில் பலரைவிடப் பெரிய மனசு உள்ள வகுப்பு. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி பைராம் தோட்டத்துக்கு வருவோம். பினாங்கின் பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கம் இருக்கிறது. என் போன்ற ஆசிரியர்களுக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவதில்லை. படிவம் 1க்கு வரும் பிள்ளைகளின் முகவரியாகத் தெரிகிறது. பைராம் என்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இராம்ஸ்டன் குடும்பத்தின் மாளிகை இருந்த இடத்தின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் தென் செபெராங் பிறையில் கரும்புத் தோட்டங்களை வைத்திருந்த குடும்பம் அது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர் மாறும் ஒவ்வொரு முறையும் லயத்தில் ஆள் கணக்கும் மாறும். பால் வெட்டுக்கு வேண்டிய கைகள் செம்பனைக்கு வேண்டியதில்லை. அப்பாவுக்கு வேலை குறைந்தால் குடும்பம் பட்டணத்துப் பக்கம் நகரும், பள்ளியில் ஒரு மேசை காலியாகும். பக்கத்திலேயே பத்து கவான். தோட்டமாக இருந்த அந்தத் தீவுக்கு 2014 மார்ச்சில் இரண்டாம் பினாங்குப் பாலம் வந்தது, தொழிற்பேட்டை வளர்ந்தது, 2019இல் ஐக்கியா கடை திறந்தது. அந்தப் பக்கத்துப் பழைய தோட்டப் பிள்ளைகள் இன்று ஒன்றுகூட நினைத்தால், ‘நம்ம லயம் எங்கப்பா இருந்துச்சு?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பைராமுக்கு வந்த மாற்றம் வேறு வகை. அருகே பூலாவ் புரோங் குப்பை நிலம். 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தபோது புகை பைராம் மக்களை விடவில்லை.

ராமுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கப் பள்ளிக்கூடமாவது நின்றது. காவலாளியும் அதே காவலாளி. இந்த நிலைத்தன்மையைப் படம் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. 1957இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. இன்று 500க்குச் சற்று மேல். மூடியவை, இணைந்தவை, பெயரில் ‘தோட்டம்’ என்பதை வைத்துக்கொண்டு வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறியவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கணக்கு. எத்தனையோ பேருக்குத் திரும்பிப் போக வாசல் இல்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் தங்கர் பச்சானின் ‘பள்ளிக்கூடம்’ (2007) நமக்கு நெருக்கமாகிறது. அங்கே ஒன்றுகூடலுக்குக் காரணம் நினைவு இல்லை, ஆபத்து. கிராமத்துப் பள்ளி மூடப்படும் நிலை. தங்கர் பச்சானே நடித்த குமாரசாமி ஊரைவிட்டுப் போகாதவர், பெரிதாக எதுவும் ஆகாதவர். அவர்தான் கிளம்பிப் போய், மேலே போய்விட்ட நண்பர்களைத் தேடுகிறார். ஒருவர் மாவட்ட ஆட்சியர் (நரேன்), ஒருவர் சினிமா இயக்குநர் (சீமான்). பள்ளியிலேயே ஆசிரியையாக நிற்பவர் சினேகா நடித்த கோகிலா. வெற்றி பெற்றவர்கள் மண்டபம் பிடித்து மற்றவர்களை அழைப்பதுதான் நம் வழக்கம். இங்கே தங்கிவிட்டவன் போய் வெற்றி பெற்றவனின் கதவைத் தட்டுகிறான். தேர்வெழுதும் மாணவர்கள் இந்தத் திசை மாற்றத்தைக் குறித்துக்கொள்ளலாம். இரு படைப்புகளை ஒப்பிடச் சொன்னால் இது வலுவான கருத்து.

குறையும் இருக்கிறது. படம் சத்தமாக அழுகிறது, பல இடங்களில் நம்மையும் அழச் சொல்லி வற்புறுத்துகிறது. அதைவிடப் பெரிய குறை, பள்ளியைக் காப்பாற்ற ஒரு கலெக்டர் தேவைப்படுவது. ஒரு வகுப்பில் கலெக்டரே இல்லை என்றால்? எல்லாரும் லாரி ஓட்டுநர், தொழிற்சாலை ஆபரேட்டர், காவலாளி, குடும்பத் தலைவி என்றால் அந்தப் பள்ளிக்கூடம் மூட வேண்டியதுதானா? நம் தோட்டப்பள்ளிகளுக்காக நடக்கும் முன்னாள் மாணவர் விருந்துகளை நினைத்துப் பாருங்கள். பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று சேர்த்துத்தான் கூரை மாற்றுகிறோம், மேசை வாங்குகிறோம். அந்தக் காட்சியை எடுக்க ஒரு இயக்குநர் இன்னும் வரவில்லை.

சேரனின் ‘ஆட்டோகிராப்’ (2004) பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறேன். அதில் ஒன்றுகூடலே இல்லை. நாயகன் தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் ஊருக்கும் நேரில் போகிறான். முதல் காதலியை அவள் வீட்டில், கணவன் பிள்ளைகளோடு பார்க்கிறான். மண்டபத்துக்கு வருபவர் நல்ல சேலை கட்டி, கார் இல்லாவிட்டால் தங்கச்சி காரை வாங்கி ஓட்டி வருவார். வீட்டுக்குப் போனால் வீடு தெரியும். அந்தப் படத்தின் மற்ற விஷயங்களில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. நான்கு பெண்களும் நாயகனின் வாழ்க்கைக்கு அத்தியாயங்களாகிவிடுகிறார்கள். ஆனாலும் நேரில் போகும் அந்த முறை நல்ல முறை.

இவை மூன்றும் வந்தவர்களின் கதைகள். வராதவனின் கதை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் நம் நாட்டுப் படத்தைத்தான் காட்டுவேன். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, 2015. அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். தோட்டம் விட்டு வந்த குடும்பம், புறம்போக்குக் குடியிருப்பு. எப்படியாவது படித்து மேலே போக வேண்டும் என்று அடித்து வளர்க்கும் அப்பா. குண்டர் கும்பலில் சிக்கிய சித்தப்பா ஒருவர், போதைப்பொருளை விட்டு மீளப் போராடும் இன்னொருவர். பையனிடம் கற்பனை இருக்கிறது, குறும்பு இருக்கிறது, கதை சொல்லும் ஆசை இருக்கிறது. அவற்றை வைத்துக்கொள்ள அவனுக்கு வீட்டிலும் இடமில்லை, வகுப்பிலும் இடமில்லை. மெல்ல மெல்ல வேறு பக்கம் போகிறான். மலேசியத் திரைப்பட விழாவில் 2016இல் விருது பெற்ற படம். ஆனால் நம் வகுப்பறைகளில் ‘96’ தெரிந்த அளவுக்கு ‘ஜகாட்’ தெரிவதில்லை.

‘ஜகாட்’ ஒன்றுகூடல் படமே இல்லை, சரிதான். ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். அப்போய்க்கும் ராமுக்கும் வயதில் பெரிய இடைவெளி கிடையாது. இரண்டு கதையும் நடக்கும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து நகர்த்தியது குடும்பத்தின் பணமும் இடமும். ராம் காணாமல் போவதை வகுப்புக்குள் இருந்தபடி பார்க்கிறோம், அது ஒரு காலி இருக்கை. அப்போய் காணாமல் போவதை அவன் வீட்டுக்குள் இருந்தபடி பார்க்கிறோம், அது ஒரு வாழ்க்கை. ‘96’ விட்டுவிட்ட சென்னைக் காலை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே பதில் ‘ஜகாட்’டில்தான் இருந்தது. இருபது ஆண்டு கழித்து அப்போயின் வகுப்புக்காரர்கள் புலனக் குழு தொடங்கினால் அவன் பேரை யாராவது சேர்ப்பார்களா?

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் சங்கம் வைத்துக் கூடுகிறார்கள். போர் நடந்த காலத்து வகுப்புகள் அவை. அங்கே வராதவர்களைப் பற்றிப் பேசாமல் ஒன்றுகூடலே நடத்த முடியாது. நமக்கு நடந்தது போர் இல்லை. அதனாலேயே நம் வராதவர்களைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட முடிகிறது.

இலக்கிய மாணவர்கள் புறநானூறு 243ஐயும் இதோடு வைத்துப் பாருங்கள். கையில் ஊன்றுகோல், பேச்சுக்கு நடுவே இருமல், அப்படிப்பட்ட ஒரு முதியவர் தன் சின்ன வயதை நினைக்கிறார். மணலில் செய்த பாவை, கைகோத்து ஆடிய பெண்கள், மரக்கிளையிலிருந்து ஆழமான மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்தது. அந்த ஊன்றுகோலே அவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று நிலைத்துவிட்டது. கூட ஆடியவர்கள் என்ன ஆனார்கள் என்று பாட்டு சொல்வதில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் நலம், அனைவரும் மருத்துவர் வழக்கறிஞர் என்றும் பொய் சொல்வதில்லை. இழந்தது இழந்ததாகவே நிற்கிறது, இரக்கம் தானாக வருகிறது. நம் மாதிரிக் கட்டுரைகள் இந்தப் பாட்டிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய.

மாதிரிக் கட்டுரை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒரு முறை இந்தத் தலைப்பைச் சற்று மாற்றி, ‘ஒன்றுகூடலுக்கு வராத ஒருவரின் பார்வையில் எழுதுக’ என்று கொடுத்தேன். முதலில் முணுமுணுப்புத்தான். ‘டீச்சர், இதுக்கு மாதிரி இல்லையே!’ பிறகு தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி தன் அப்பாவாக நின்று எழுதினாள். அன்றைக்கு ஞாயிறு, இரட்டைச் சம்பளம், குலை வெட்டப் போய்விட்டார். மத்தியானம் நண்பர் ஒருவர் படங்களை அனுப்புகிறார். பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொருவர் பெயராகச் சொல்கிறார், எல்லார் பெயரும் அவருக்கு நினைவிருக்கிறது. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறார். அவ்வளவுதான் கட்டுரை. கேட்ட சொல் எண்ணிக்கையில் பாதிகூட இல்லை, சந்திப்பிழைகள் ஏழு. கருத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன், நீளத்துக்குக் குறைத்தேன். தேர்வில் அப்படித்தானே குறைப்பார்கள், அதையும் அவளிடம் சொன்னேன். கட்டுரையை இன்னும் நீட்ட என்ன வழி என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ‘படத்துல இருக்கற ஒவ்வொருத்தரப் பத்தியும் அப்பா ஒரு கதை சொல்லுவாரு டீச்சர், அத எழுதலாமா?’ என்றாள். எழுதினாள். சொல் எண்ணிக்கை தாண்டிவிட்டது.

வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ‘96’ இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும்; பாடவேளைக்கு அடங்காது. காவலாளி ராமை அடையாளம் காணும் காட்சி, பதினொன்றாம் வகுப்பின் முதல் நாள் ஜானு காத்திருக்கும் காட்சி, இந்த இரண்டும் போதும். இரண்டாவது காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் ராம் எங்கே, என்ன செய்கிறான் என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். வந்த பதில்களைப் பலகையில் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்: ஜானுவை நினைத்து ஏங்குகிறான் என்று எழுதியவை ஒரு பக்கம், வேறு எதையாவது எழுதியவை மறுபக்கம். மறுபக்கம் முதலில் காலியாகத்தான் இருக்கும். ‘ஜகாட்’டில் ஒரு பகுதியைக் காட்டிய பிறகு அதே பயிற்சியைத் திரும்பக் கொடுங்கள். ‘ஜகாட்’டில் வன்முறையும் வசவும் உண்டு. முழுப் படத்தையும் நீங்கள் முன்கூட்டியே பார்த்து, அப்பாவும் மகனும் வரும் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வகுப்பில் அண்மையில் நின்றுபோன பிள்ளை யாராவது இருந்தால், பேரைச் சொல்லாமல் நடத்துங்கள். பிள்ளைங்களே சொல்லிருவாங்க.